வாசலுக்கு அச்சுக் கான்கிரீட்டா, பேவர் பிளாக்கா?

கும்பகோணம் பக்கம் வாசல் போடுகிறவர்கள் முதலில் மண்ணைப் பாருங்கள். நம் களிமண் ஐப்பசி மழையில் ஊறி உப்பும், சித்திரையில் வெடிக்கும். 4 அங்குல அச்சுக் கான்கிரீட் ஒரே பலகையாகக் கிடப்பது. கீழே கிராவல் கொட்டித் திமிசால் இடித்து இறுக்காமல், 8, 10 அடிக்கு ஒரு வெட்டுக்கோடு விடாமல் போட்டால் விரிசல் நிச்சயம். ஒட்டுப்போட்டாலும் நிறம் சேராது. ஆனால் என்ன அழகு! இறுகுமுன் ரப்பர் அச்சை அழுத்தி எடுத்தால் கருங்கல்லின் வரி அப்படியே பதிந்திருக்கும். 2, 3 வருடத்துக்கு ஒருமுறை சீலர் என்கிற காப்புப் பூச்சுப் பூச வேண்டும். மழையில் அது வழுக்கும்.

60 மில்லிமீட்டர் கனமுள்ள பேவர், தனித்தனி கான்கிரீட் கல்லாக மணல்மேல் உட்காருவது. தரை இறங்கினால் நாலு கல்லைப் பெயர்த்து, மணல் நிரப்பி, மறுபடி வைத்துவிடலாம். இடுக்கில் கோரை முளைக்கும், பிடுங்கத்தான் வேண்டும்.

வாசலுக்குப் பேவர்தான் சொல்வேன். கூரைக்கு அடியில் வரும் நடைக்கு அச்சுக் கான்கிரீட் போடுங்கள்.