துண்டுச் சீட்டில் ‘டேட்டா பேக்கப் – 500’ என்று இருந்தது

கணினியைக் கடையில் கொடுத்து விண்டோஸ் 11 போடச் சொல்லப் போகிறீர்களா? அதிலும் அது நீங்களே அசெம்பிள் செய்தது, விண்டோஸ் போல இன்னொரு ஓ.எஸ்.ஸான லினக்ஸும் கூட இருக்கிறது என்றால் இதைப் படித்துவிட்டுப் போங்கள். என்னிடம் இருந்து போனது, நான் பக்கம் அமைத்துக்கொண்டிருந்த ஒரு புத்தகம்.

2019-ல் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பாகம் பாகமாக வாங்கி, வீட்டுத் தரையில் பரப்பி நானே மாட்டிய கணினி. ரைசன் 5 2600 பிராசசர், பி450 போர்டு, 240 ஜிபி எஸ்.எஸ்.டி., 1 டிபி ஹார்டு டிஸ்க். எஸ்.எஸ்.டி.யில் விண்டோஸ் 10-ம், லினக்ஸில் ஒரு வகையான உபுண்டுவும். ஹார்டு டிஸ்க் முழுக்க லினக்ஸுக்கு. என் டிடிபி (புத்தகப் பக்க அமைப்பு) வேலை எல்லாம் அங்கேதான். பயாஸை, அதாவது ஆன் செய்ததும் முதலில் ஓடும் நிரலை, பழைய லெகசி முறையிலேயே விட்டிருந்தேன். ஆறு வருடம் ஒரு குறையும் இல்லை.

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது. ஒரு பதிப்பகம் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க அமைப்பு மென்பொருளை இன்னமும் விடுவதாக இல்லை, அதனால் எனக்கு விண்டோஸ் வேண்டும். விண்டோஸ் 11-க்கு யூ.இ.எஃப்.ஐ. (லெகசிக்குப் பின் வந்த முறை), செக்யூர் பூட் (நம்பகமான நிரலை மட்டும் தொடங்க விடுவது), டிபிஎம் 2.0 (ரகசியச் சாவிகளைக் காக்கும் பகுதி) கேட்பார்கள். என் போர்டில் எல்லாம் உண்டு. லெகசியிலிருந்து மாற வேண்டும், அதற்கு பூட்லோடரை, அதாவது ஓ.எஸ்.ஸைத் தொடங்கிவிடும் சின்ன நிரலை, மாற்ற வேண்டும். டிசம்பர் மாதம், புத்தகக் காட்சிக்கு முந்தைய நெருக்கடி. நானே செய்திருக்கலாம். சோம்பேறித்தனம், கடையில் கொடுத்தேன்.

கொடுக்கும்போது, “தம்பி, இதில லினக்ஸ் இருக்கு. பெரிய டிஸ்கைத் தொடாதீங்க. எதுக்கும் முன்னாடி பேக்கப் எடுத்திடுங்க” என்று சொன்னேன். “ஒண்ணும் ஆகாது சார், ரெண்டு மணி நேர வேலை” என்றார்.

மறுநாள் வாங்கி வந்து திறந்தேன். எந்த ஓ.எஸ். வேண்டும் என்று கேட்கும் கிரப் மெனு வரவில்லை. அதுகூடப் பரவாயில்லை, சரி செய்துகொள்ளலாம். ‘திஸ் பிசி’யைத் திறந்தால் புதிதாக ஒரு ஈ டிரைவ்: 931 ஜிபி, அதில் 890 காலி. மீதி நாற்பது ஜிபியில் என்ன என்று பார்த்தால் ‘சாஃப்ட்வேர் கலெக்‌ஷன்’ என்று ஒரு ஃபோல்டர், ‘மூவீஸ்’ என்று இன்னொன்று. போன் செய்தேன்.

“அது லெட்டரே இல்லாம சும்மா கிடந்துச்சு சார். ஃபார்மேட் பண்ணிட்டேன். புதுப் படம் கொஞ்சம் போட்டுக் கொடுத்திருக்கேன், பாருங்க.”

இ.எக்ஸ்.டி.4 என்ற லினக்ஸ் கோப்பு முறையில் இருக்கும் பகுதியை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது. டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையில் அளவு மட்டும் தெரியும். டிரைவ் எழுத்தும் இருக்காது, கோப்பு முறையின் பெயரும் இருக்காது. தெரியாதவர் கண்ணுக்கு அது காலி மனை.

எஸ்.எஸ்.டி.யில் நடந்தது இதைவிட அநியாயம். டிஸ்கின் பகுதிகளைக் (பார்ட்டிஷன்) குறித்துவைக்கும் அட்டவணை லெகசியில் எம்.பி.ஆர்., யூ.இ.எஃப்.ஐ.க்கு ஜி.பி.டி. வேண்டும். டிஸ்கை அழிக்காமலே எம்.பி.ஆரிலிருந்து ஜி.பி.டி.க்கு மாற்ற விண்டோஸ் 10-லேயே ‘எம்.பி.ஆர்.2ஜி.பி.டி.’ என்ற கருவி இருக்கிறது. ‘வேலிடேட்’ என்று கொடுத்தால் எதையும் எழுதாமல் முடியுமா முடியாதா என்று மட்டும் சொல்லும். எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் (உள்ளே வேறு பார்ட்டிஷன்களை அடக்கியது) இருந்தால் அது மாட்டேன் என்றுவிடும். என் உபுண்டு அதற்குள்தான் இருந்தது. அந்த இடத்தில் நிறுத்திவிட்டு எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். அவர் எல்லாப் பார்ட்டிஷனையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டார்.

நேரில் போனேன். சீட்டைக் காட்டி, “பேக்கப்னு 500 வாங்கியிருக்கீங்களே?” என்றேன். “டெஸ்க்டாப்பும் டாக்குமெண்ட்ஸும் எடுத்துத் திரும்பப் போட்டாச்சே சார், அதான் பேக்கப்” என்றார் முதலாளி. என் டெஸ்க்டாப்பில் இருந்தவை நான்கு ஷார்ட்கட். லினக்ஸ் என்று நான் சொல்லவே இல்லையாம். கணினியை ஆன் செய்தாலே திரையில் முதல் வரி உபுண்டு!

500 ரூபாயைத் திருப்பித் தந்தார்கள். ஓ.எஸ்.ஸுக்கு வாங்கிய 800-ம் டிரைவருக்கு 300-ம் வரவில்லை. அந்த ஓ.எஸ்.ஸும் திருட்டு ‘ப்ரோ’. என் போர்டோடு சேர்ந்த ஹோம் லைசென்ஸ் என்னிடம் முறையாக இருந்தது. பிறகு நானே ஹோம் நிறுவியபோது தானாக ஆக்டிவேட் ஆனது. நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம் என்று சீட்டை எடுத்துப் பார்த்தால், மேலே ‘எஸ்டிமேட்’ என்று மட்டும் இருக்கிறது. கடைப் பெயர் இல்லை, ஜி.எஸ்.டி. எண் இல்லை.

மீட்க முயன்றேன். எஸ்.எஸ்.டி.யில் எதுவும் தேறவில்லை. பார்ட்டிஷனை அழித்து ஃபார்மேட் செய்தால் ‘இந்த இடம் இனி வேண்டாம்’ என்று சொல்லும் டிரிம் கட்டளையை விண்டோஸ் எஸ்.எஸ்.டி.க்கு அனுப்பிவிடும், அதற்கப்புறம் துழாவ அங்கே பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சாது. ஹார்டு டிஸ்கில் போட்டோரெக் என்ற மீட்பு மென்பொருளை ஓட்டினேன், இரண்டு இரவு. ஆயிரக்கணக்கில் கோப்புகள் வந்தன, ஒன்றுக்கும் பெயர் இல்லை. எஃப் என்ற எழுத்தும் பின்னால் ஒரு நீள எண்ணும். ஃபோல்டரும் இல்லை. படங்கள் நிறையக் கிடைத்தன. நடந்துகொண்டிருந்த புத்தகம் கிடைக்கவில்லை. அந்த இடத்தில் யாரோ நடித்த படம் உட்கார்ந்திருக்கிறது.

என் தவறும் உண்டு. என்னிடம் இருந்த கடைசி நகல் நான்கு மாதப் பழசு.

பூட்லோடரில் கை வைப்பதற்கு முன், வேலைக்குச் சம்பந்தமில்லாத டிஸ்கின் சாட்டா கேபிளைக் கழற்றிவிடுங்கள். அசெம்பிள் கேபினெட்டில் இரண்டு ஸ்க்ரூ, ஒரு நிமிடம். முடிந்தால் அந்த டிஸ்கை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். பூட் ஆகும் டிஸ்கை குளோன்சில்லா என்ற மென்பொருளை வைத்து முழுசாக இமேஜ் (அச்சு நகல்) எடுத்து வெளி டிஸ்கில் போடுங்கள். முதல் 512 பைட்டை மட்டும் நகலெடுத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். எம்.பி.ஆர். பூட் நிரலும் பார்ட்டிஷன் அட்டவணையும் அதில் இருப்பது உண்மைதான். ஆனால் எக்ஸ்டெண்டடுக்குள் இருக்கும் பார்ட்டிஷன்களின் விவரம் அதில் கிடையாது, கோப்புகள் சுத்தமாகக் கிடையாது. டிஸ்கை மறைகுறியாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அந்த 48 இலக்க மீட்பு எண்ணைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். பயாஸில் டிபிஎம், செக்யூர் பூட்டை மாற்றினால் அதைக் கேட்கக்கூடும். பயாஸ் திரைகளை மொபைலில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் பேக்கப் எடுத்தேன் என்றால் எந்த டிஸ்கில், எத்தனை ஜிபி என்று கேளுங்கள். அங்கேயே இரண்டு கோப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

புத்தகத்தின் ஆசிரியர் தினமும் கூப்பிடுகிறார், “மூணாம் புரூஃப் எப்போ அண்ணே?” இரண்டாம் புரூஃபின் பிடிஎஃப் மெயிலில் தப்பியிருந்தது. அதிலிருந்து எழுத்தை நகலெடுத்தால் ஒற்றைக்கொம்பு ஒரு பக்கம் போகிறது, துணைக்கால் இன்னொரு பக்கம் போகிறது. அதனால் பார்த்துப் பார்த்துத் தட்டிக்கொண்டிருக்கிறேன். மொத்தம் 214 பக்கம். நேற்று ராத்திரி 61.