ஜெர்சித் தீவின் கல்லச்சுப் படங்கள் என்று நம்பி ரூ.42,500 இழந்தேன்: வாங்குவோர் கவனத்திற்கு

பழைய அச்சுப்படங்களை ஏலத்தில் விற்கும் ஓர் இணையத்தளத்தில், இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலுள்ள ஜெர்சித் தீவின் இரு கோட்டைகளையும் செயின்ட் ஹீலியர் நகரையும் காட்டும் மூன்று கல்லச்சுப் படங்களுக்காக (கல்லின் மீது வரைந்து, அதிலிருந்து தாளில் அச்செடுத்த லித்தோகிராஃப் படங்கள்) ரூ.42,500 செலுத்தினேன். வந்து சேர்ந்தவை, இயந்திரத்தில் வண்ணப் புள்ளிகளாக அச்சிடும் இக்காலத்து ஆஃப்செட் முறை நகல்கள்.

1846இல் விக்டோரியா அரசி ஜெர்சிக்கு வந்து சென்றதையொட்டி, அத்தீவின் ஓவியர் ழான் லெ கபெலான் தீட்டிய நீர்வண்ணக் காட்சிகள் கல்லச்சில் வெளியாயின. அத்தொகுப்பின் அசல் தாள்கள் என்றே விற்பனையாளர் எழுதியிருந்தார். அந்த எழுத்தை மட்டும் நம்பி நான் பணம் கட்டவில்லை; நெருக்கத்தில் எடுத்த படம் வேண்டுமென்று கேட்டேன். அவர் அனுப்பிய படத்தில், எலிசபெத் கோட்டை மதிலின் நிழலில், கல்லின் மீது எண்ணெய்ப்பசையுள்ள வரைகோல் உரசியதால் விழும் ஒழுங்கற்ற மணிமணியான தடம் தெளிவாகத் தெரிந்தது. தாளின் ஓரத்தில் காலம் ஏற்றிய பழுப்புக் கறையும் இருந்தது. அதைப் பார்த்த பிறகே ரூ.42,500 அனுப்பினேன்.

வந்த தாள்களை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தால், வானம், கடல், மோன்ட் ஓர்கில் கோட்டைச் சுவர் எல்லாமே வரிசை பிசகாத நீல, சிவப்பு, மஞ்சள் புள்ளிகள். அந்தப் பழுப்புக் கறைகூட அச்சிடப்பட்டதே. அதே இடத்தில் தாளின் பின்புறம் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. எங்கோ உள்ள அசலைப் படமெடுத்துக் காட்டிவிட்டு நகலை விற்றிருக்கிறார்கள்.

கேட்டதற்கு, பழைய தாள் அப்படித்தான் இருக்கும் என்றார் விற்பனையாளர். பிறகு நிபுணரின் சான்று கேட்டார். அதன்பின், காட்சிதான் 19ஆம் நூற்றாண்டுக்குரியது, தாள் என்று சொல்லவில்லையே என்று எழுதினார். அதற்குள் தளத்தின் விவரக்குறிப்பிலிருந்து ‘அசல்’ என்ற சொல் காணாமல் போயிருந்தது. தளத்தாரோ, இது உங்கள் இருவருக்கும் இடையிலான விவகாரம் என்று கைகழுவிவிட்டனர். தரகுத்தொகையை எடுத்துக்கொள்ளும்போது இந்த நியாயம் அவர்களுக்குத் தோன்றவில்லை.

வாங்குவோர் தயவுசெய்து விவரக்குறிப்பை முழுவதுமாகத் திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நெருக்கப் படம் எந்த இடத்தில் வேண்டும் என்பதை நீங்களே சொல்லுங்கள். அன்றைய தேதி எழுதிய சீட்டு அருகில் இருக்கட்டும். தாளின் பின்புறத்தையும் கேளுங்கள். புற ஊதா விளக்கில் நீலவெண்மையாக ஒளிர்ந்தால், பெரும்பாலும் அது 19ஆம் நூற்றாண்டுத் தாளன்று.

ரூ.42,500ஐத் திருப்பித் தரக் கோரி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன்.