அமரில்லிஸ் என்று விற்கப்படும் கிழங்கு: வாங்கலாமா?

மணமே இல்லாத பூவுக்குக் கிழங்கு ஒன்று 250 ரூபாயா என்று அம்மா கேட்டார். மல்லிகைப் பதியன் போட்டு வெளியூர்களுக்கு அனுப்பிப் பிழைக்கிற, ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்து வீட்டில் இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் வியப்பு. ஆனாலும் நான் வாங்கினேன். இணையத்தில் செடி விற்கும் கடை ஒன்றிலிருந்து மூன்று கிழங்குகள்.

கட்டி அனுப்பிய விதத்தில் குறை சொல்ல முடியாது. காய்ந்த தேங்காய் நாருக்குள், அழுத்தினால் உள்வாங்காத கெட்டிக் கிழங்குகள். குறை அளவில்தான். இந்தக் கிழங்குகளைச் சுற்றளவு பார்த்து விலை வைப்பதுதான் வியாபார வழக்கம். 26, 28 சென்டிமீட்டர் என்று போவது பெரியது, அதில் இரண்டு பூந்தண்டுகூட வரும். கடைக்காரர் "பெரிய அளவு" என்று மட்டும் போட்டிருந்தார். தையல் டேப்பைச் சுற்றிப் பார்த்தேன், 20தான். ஒன்றில் மேல்தோலை விலக்கியதும் மாவுப்பூச்சி வேறு. நாங்கள் இப்படி ஒரு கட்டு மல்லி அனுப்பினால் மறுநாளே போன் வந்துவிடும்.

சீட்டில் இருந்த அமரில்லிஸ் என்ற பெயரும் சரியில்லை. அமரில்லிஸ் தென்னாப்பிரிக்காச் செடி. இலை இல்லாத நேரத்தில் பூக்கும், தண்டு உள்ளே கெட்டியாக இருக்கும். எனக்கு வந்தது தென் அமெரிக்காவின் ஹிப்பியாஸ்ட்ரம். பூ வாடியபின் தண்டை அறுத்துப் பார்த்தால் பப்பாளி இலைக்காம்பு போல உள்ளே வெற்றுக்குழல். செடிகளுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸ் 1753இல் அமரில்லிஸ் என்று எழுதியது எந்தச் செடியை என்று தாவரவியலாளர்கள் நெடுங்காலம் சண்டை போட்டு, அது தென்னாப்பிரிக்காச் செடிக்கே என்று 1987இல்தான் முடிவு கட்டினார்கள். கடைகள் மட்டும் இன்னும் மாறவில்லை.

ஹிப்பியாஸ்ட்ரம் என்றால் கிரேக்கத்தில் குதிரைவீரனின் விண்மீன். வில்லியம் ஹெர்பர்ட் என்ற ஆங்கிலேயர் 1821இல் வைத்தது. இந்த இனத்தில் ஒன்றுக்கு முன்பே 'ஈக்வெஸ்ட்ரிஸ்', அதாவது குதிரைவீரனுக்குரியது என்று பெயர் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு இவர் போயிருக்கிறார். விண்மீனைப் பூவிலேயே பார்க்கலாம். எதிரே நின்று பார்த்தால் மூன்று இதழ் முன்னால், மூன்று பின்னால், அடித்தொண்டையில் வெளிர்பச்சையாக ஆறு முனை. பக்கத்து வீட்டு அக்கா இதை ஈஸ்டர் லில்லி என்கிறார். பங்குனியில் பூத்ததால் அவர் சொன்னதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

நம் கரையில் வளருமா? வளர்கிறது. மணலும் மக்கிய தொழுவுரமும் கலந்த தொட்டியில், கிழங்கின் கழுத்தும் தோளும் வெளியே தெரியும்படி தையில் நட்டேன். முழுதாகப் புதைத்தால் அழுகும். கிணற்றுத் தண்ணீர் உப்பு என்பதால் குடிநீரில்தான் கொஞ்சம் பங்கு கொடுத்தேன். அம்மாவுக்கு அதுவும் பொறுக்கவில்லை. மாவுப்பூச்சி வந்த கிழங்கில் இலை மட்டும்தான். மற்ற இரண்டும் தண்டுக்கு நான்கு பூ, நல்ல சிவப்பு. கடையின் படத்தில் இருந்ததும் சிவப்புதான், அதையும் சொல்லிவிட வேண்டும். கடற்காற்றில் ஒரு தண்டு சாய்ந்தது. மொட்டு விடும்போதே குச்சி கட்டிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டியைத் தாழ்வாரத்துக்கு மாற்றி, தண்ணீரை நிறுத்தி ஓய்வு கொடுக்க வேண்டும். ஓய்வில்லாவிட்டால் அடுத்த ஆண்டு வெறும் இலையோடு நின்றுவிடலாம்.

கிழங்கு வெங்காயம் போலவே இருக்கும், ஆனால் நஞ்சு. அடுப்படியில் வைக்காதீர்கள், ஆடு, நாய் இருக்கும் வீட்டில் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

இந்த அளவுக்கு 250 அதிகம், 150 என்றால் சரி. வாங்குவதாக இருந்தால் மார்கழியில், சுற்றளவை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சொல்ல மறுக்கும் கடையை விட்டுவிடலாம்.