அரைப்பா, சூடா, அழுத்தமா: வீட்டு எஸ்பிரஸோவில் முதலில் எதைத் திருத்துவது?

தென்னாப்பிரிக்காவின் கடலோர டர்பனில் நன்றாக இறங்கிக்கொண்டிருந்த எஸ்பிரஸோ, அதே இயந்திரம், அதே காபிக் கொட்டை என்றாலும் மேட்டுநில ஜோஹன்னஸ்பர்க் போனதும் புளிக்கத் தொடங்குகிறது. டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஜோஹன்னஸ்பர்க்கின் லெனேசியாவுக்கு வீடு மாறிய உறவினர்களிடம் இந்தப் புலம்பலைக் கேட்டிருக்கிறேன். கிடைக்கும் ஆலோசனை மூன்று: பொடியை இன்னும் நைசாக அரை, சூட்டைக் கூட்டு, பம்பின் அழுத்தத்தைக் குறை. மூன்றுக்கும் கட்சி கட்டுகிறவர்கள் உண்டு.

என் ஓட்டு அரைப்புக்கு. 18 கிராம் பொடியில் 36 கிராம் காபி, 25 முதல் 30 விநாடிக்குள் இறங்க வேண்டும் என்பது தொடக்கக் கணக்கு. 15 விநாடியில் வெளிறிப்போய்க் கொட்டினால் புளிப்பு. சொட்டுச் சொட்டாக 45 விநாடி இழுத்தால் கசப்பும் துவர்ப்பும். பொடியின் எடையை மாற்றாமல் கிரைண்டரை ஒரு கோடு மட்டும் நகர்த்திப் பாருங்கள். காசு செலவில்லாத திருத்தம் இது. காபி இறங்கியதும் சக்கையைத் தட்டிப் பார்ப்பதும் அவசியம். மேலே ஊசி குத்தினாற்போல் ஓட்டை தெரிந்தால், தண்ணீர் அந்த வழியாகவே நழுவி ஓடியிருக்கிறது. அப்போது புளிப்பும் கசப்பும் ஒரே கோப்பையில் சேர்ந்து வரும். பொடியைக் கட்டியில்லாமல் கிளறி, சமமாக அழுத்தாதவரை வேறு எந்தத் திருத்தமும் எடுபடாது.

ஒரு தடை உண்டு. மலிவான இயந்திரங்களோடு வரும் இரட்டை அடிக் கூடையில் (கூடை என்பது பொடியைப் போடும் உலோகக் கிண்ணம்) ஒரே ஒரு சிறு துளைதான் இருக்கும். பொடி எப்படியிருந்தாலும் அது நுரையைக் கிளப்பிவிடும். அதை வைத்துக்கொண்டு அரைப்பைத் திருத்துவது வீண் வேலை. முதலில் சாதாரணக் கூடை வாங்குங்கள். இன்னொன்று: சிக்கரி கலந்த ரிக்காஃபி என்ற உடனடிக் காபியோடு வளர்ந்த நாக்குக்கு, இளவறுவல் கொட்டையின் இயல்பான புளிப்பும் கோளாறாகவே படும். அடர்வறுவலில் தொடங்குவது உத்தமம்.

சூட்டுக்காரர்கள் சொல்வதில் ஜோஹன்னஸ்பர்க்கில் மட்டும் கூடுதல் நியாயம் இருக்கிறது. சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரிக்கு அருகிலேயே கொதித்துவிடுகிறது. மூடிய கொதிகலனுக்குள் வெப்பத்தை அளந்து நிறுத்தும் இயந்திரத்துக்கு இதனால் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் நீராவி அழுத்தத்தைப் பார்த்துச் சூட்டை நிறுத்தும் இயந்திரத்தில், மானி அதே 1 பார் (அழுத்தத்தின் அலகு) காட்டினாலும் கொதிகலன் டர்பனில் 120 டிகிரியும் இங்கே 117, 118 டிகிரியுமாக இருக்கும். அதிகச் சூட்டில் வரும் தண்ணீரின் சீறல் அடங்கும்வரை வெந்நீரை வெளியேற்றிவிட்டுக் காபி போடும் பழக்கமுள்ளவர்களுக்கு இடி இன்னும் பெரிது: கடலோரத்தில் சீறல் 100 டிகிரியில் அடங்குகிறது, இங்கே 94-இல்தான். அதே காதை நம்பினால் காபி புளிக்காமல் என்ன செய்யும்? வெளியேற்றும் நீரைக் குறைத்துக்கொண்டால் போதும்.

மின்வெட்டு முடிந்து கரண்ட் வந்தவுடன் போடும் முதல் காபியை வைத்தும் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இயந்திரத்தின் விளக்கு சில நிமிடங்களில் தயார் என்று சொல்லிவிடும். ஆனால் பொடிக் கூடை உள்ள கைப்பிடியை மாட்டும் கனத்த உலோகத் தலை சூடேற 15, 20 நிமிடம் பிடிக்கும். துல்லிய வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்துவது நல்ல செலவுதான், ஆனால் நல்ல கிரைண்டர் வாங்கிய பிறகு.

அழுத்தம் கடைசி. பெட்டியில் பெருமையாக அச்சிட்டிருக்கும் 15 பார், பம்பின் உச்சத் திறன். காபிக்கு வேண்டியது 9 பாருக்கு அருகில். 12, 13 பாரில் தண்ணீர் பொடியைப் பிளந்துகொண்டு ஓடும் என்பது உண்மை. அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வின் ஸ்பிரிங்கை மாற்றுவதும் பெரிய செலவில்லை. ஆனால் இயந்திரத்தைத் திறந்தால் உத்தரவாதம் போய்விடலாம். அழுத்தமானி பொருத்திய கைப்பிடி யாரிடமாவது இருந்தால் இரவல் வாங்கி முதலில் அளந்து பாருங்கள். 10 பாரைத் தாண்டவில்லையென்றால் திருப்புளியை எடுக்கவே வேண்டாம்.