சோலைவரிப் பேரேட்டில் அப்பாவின் பெயர்

பருத்தித்துறையில் எங்கள் வீட்டுப் படலையில் ஒட்டியிருந்த அறிவித்தலைச் சின்னம்மா படம் பிடித்து அனுப்பியபோது, நான் ஸ்காபரோவில் வாசலில் பனி வழித்துக்கொண்டிருந்தேன். நுளம்பு பெருகும் இடமாக எங்கள் வளவு அடையாளம் காணப்பட்டிருக்கிறது, குறித்த நாட்களுக்குள் துப்புரவாக்காவிட்டால் சட்ட நடவடிக்கை எடுக்கப்படும் என்று அதில் இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. ஆளில்லாத வீட்டின் படலையில் நோட்டீஸ் ஒட்டி என்ன பயன் என்று சின்னம்மாவிடம் குரலை உயர்த்தினேன். அவர் அமைதியாக, "நீ ஒருதரம் வந்து பார், தம்பி" என்றார்.

தை மாதம், பொங்கல் முடிந்த கையோடு போனேன். யாழ்ப்பாணத்தில் 750 ஆம் இலக்கப் பஸ்ஸில் ஏறி, நெல்லியடி தாண்டிப் பருத்தித்துறையில் இறங்கியபோது வாடைக்காற்று உப்போடு முகத்தில் அடித்தது. 2025 நவம்பர் கடைசியில் நாட்டையே உலுக்கிய டித்வா புயலின் மழையில் எங்கள் வளவின் கிழக்கு மதில் சரிந்திருந்தது. ஆகவே வேலை மூன்று: வளவைத் துப்புரவாக்குவது, மதிலைக் கட்டுவது, மலசலகூடக் குழியை இறைப்பது. மூன்றும் ஏதோ ஒரு விதத்தில் நகரசபையோடு தொடர்புள்ளவை. ஊரில் பூட்டிய வீடு வைத்திருக்கும் எல்லோருக்கும் உதவட்டும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

மறுநாள் காலை பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். என் மகனைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். கையில் ரோர்ச் லைட், நீண்ட பிடி போட்ட வெள்ளை அகப்பை ஒன்று. வளவுக்குள் இடுப்பளவு பற்றை. முன்னால் நான் கத்தியால் வெட்டி வழிவிட, பின்னால் அவர் வந்தார். கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, நேரே பின் விறாந்தைக்குப் போனார். அங்கே, அப்பா கடைசியாகத் திருத்த வேலை செய்தபோது கழற்றிப் போட்ட கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டி கிடந்தது. அகப்பையால் ஒரு முறை அள்ளினார். வெள்ளைப் பின்னணியில் கரிய நூல் துண்டுகள் போலக் குடம்பிகள் துடித்தன. என் தலையின் நிழல் விழுந்ததும் எல்லாம் ஒன்றாக அடியில் இறங்கின. "இது ஒரு தொட்டி, ஐயா. இன்னும் இருக்கிறது" என்றார். சிரட்டைகள், மடிந்து கிடந்த தறப்பாள், மீன் பெட்டியின் றெஜிபோம் மூடி, குறட்டில் கவிழ்க்காமல் விட்ட பூச்சாடி என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். முட்டை நுளம்பாவதற்கு ஒரு கிழமை, பத்து நாள் போதும். நாங்கள் அந்தப் படலையைத் திறந்து மூன்று வருடமாகியிருந்தது.

பின் ஒழுங்கையில் ஒரு பிள்ளை டெங்குவோடு மந்திகை ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்து வந்ததை அவர் போகும்போதுதான் சொன்னார். குற்றம் சாட்டும் தொனி இல்லை. வடக்கில் மாரி மழை ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும்; டெங்கு அதன் பின்னால் வரும்; தையிலும் அது ஓயாது. 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்பு பெருகுதலைத் தடுக்கும் சட்டம் வளவின் உரிமையாளரையோ அதில் குடியிருப்பவரையோ பொறுப்பாளியாக்குகிறது. உரிமையாளர் கடல் கடந்து இருந்தாலும் பொறுப்பு மாறாது. எங்கள் ஒழுங்கையில் பதினொரு வீடு, ஐந்தில் ஆளில்லை. நான் கோபப்பட்ட நோட்டீஸை மழையில் கிழியாமல் கவனமாக உரித்தெடுத்துக் கடவுச்சீட்டுப் பையில் வைத்துக்கொண்டேன்.

துப்புரவு வேலைக்கு இரண்டு பேர், நான்கு நாள். வெட்டிய பற்றையை எரிக்க வேண்டாம் என்று சின்னம்மா சொல்லிவிட்டார். உக்கும் கழிவை ஒரு பக்கமும் உக்காத கழிவை வேறு பக்கமும் குவித்தோம். சபையின் உழவு இயந்திரம் பெட்டியோடு வந்தது. ஏற்றிய இருவரில் ஒருவர், போத்தல்களைத் தண்ணீர் வடியக் கவிழ்த்துத் தட்டிவிட்டே சாக்கில் போட்டார். அவர் அதை ஒவ்வொரு போத்தலுக்கும் செய்தார். அந்த நான்கு நாளில் நான் பார்த்த வேலைகளில் மனதில் நின்றது அதுதான்.

மதில் விஷயம் என்னை நகரசபைக் கந்தோருக்குக் கொண்டுபோனது. "பழைய அத்திவாரம்தானே, கட்டிவிடலாம்" என்றார் மேசன். கேட்டுவிட்டுச் செய்வோம் என்றேன். நல்லதாகப் போயிற்று. வீதியோர மதிலுக்கும் சபையின் அனுமதி வேண்டும். வீதிக்கோடு எங்கே வருகிறது என்று பார்த்துத்தான் தருவார்கள். இதற்கு மேல், உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். 1981 ஆம் ஆண்டின் சட்டப்படி அதற்குள் கட்டுமானம் செய்வதென்றால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தையும் கேட்க வேண்டும். எங்கள் வாசலில் நின்றால் அலைச் சத்தம் கேட்கும். கரையில் காணி வைத்திருப்பவர்கள் சீமெந்து வாங்குவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

எது யாருடைய பொறுப்பு என்பது தெரியாமல்தான் புலம்பெயர்ந்தவர்கள் பலரும் ஊரில் அலைகிறோம். நானும் முதல் நாள் அரை நாளை அப்படித்தான் வீணாக்கினேன். யாழ்ப்பாணத்திலிருந்து வரும் பெரிய வீதியில் பள்ளம் என்றால் அது வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது. மாகாணத்துக்குரிய வீதிகள் வேறு. எங்கள் ஒழுங்கை மாதிரி உள்வீதிகள்தான் நகரசபையினுடையவை. மின்கம்பம் மின்சாரப் பகுதியினுடையது, அதில் எரியும் தெருவிளக்கு நகரசபையினுடையது. பிறப்பு, இறப்புப் பதிவுப் பிரதிகளுக்குப் பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும். விதானையாரும் அந்தப் பக்கம்தான். சந்தை, பொது நூலகம், மயானம், உள்வீதி வடிகால், குப்பை, மலக்கழிவு, வியாபார அனுமதி, கட்டட அனுமதி ஆகியவை சபைக்கு. கரையில் ஒதுங்கும் சாதாளையும் கிழிந்த வலையும் போத்தலும் யாருடைய பொறுப்பு என்று சட்டப் புத்தகத்தில் தேடிப் பிடிக்கலாம். ஆனால் கரை நாறினால் ஊர்ச் சனம் வந்து கேட்பது சபையைத்தான்.

மலசலகூடக் குழியைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மழைநீர் அதன் வெடிப்புகள் வழியாக இறங்கித்தான் கிணற்றுக்கு வருகிறது. அடி பூசாத குழியிலிருந்து கசிவதும் அதே வழியாகத்தான் வருகிறது. எங்கள் குழிக்கும் சின்னம்மாவின் கிணற்றுக்கும் இடையில் ஒரு வேலிதான். ஆளில்லாத வீடு, குழி நிரம்பாது என்று நினைத்திருந்தோம். இடையில் இரண்டு வருடம் ஒரு குடும்பம் வாடகையில்லாமல் இருந்து போனதை எல்லோரும் மறந்துவிட்டோம். விண்ணப்பம் எழுதிப் பணம் கட்டினேன். பவுசர் வந்து ஒரு மணி நேரத்தில் இறைத்து முடித்தது. புதுக் குழியை அடி பூசித்தான் கட்டப் போகிறோம்.

இனி, இதை எழுத உட்கார்ந்ததற்கே காரணமான இடத்துக்கு வருகிறேன். மதில் விண்ணப்பத்தோடு காணி உறுதியின் பிரதி, நில அளவைப் படம், வீடு வளவுக்காகச் சபைக்குக் கட்டும் ஆதனவரியின் நடப்பு ஆண்டுப் பற்றுச்சீட்டு மூன்றும் வேண்டும் என்றார்கள். உறுதி இருந்தது. படமும் அப்பாவின் டிரங்குப் பெட்டியில் இருந்தது. பற்றுச்சீட்டு? ஊரில் சோலைவரி என்று சொல்வோமே, அதை யார் கட்டுகிறார்கள் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. அக்கா பாரிஸில், தம்பி ஒஸ்லோவில். மற்றவர் கட்டுகிறார் என்று மூவரும் நினைத்திருந்தோம்.

வரிப்பகுதியில் இருந்த பிள்ளை வீதியின் பெயரைக் கேட்டாள். பெரிய பேரேட்டை இரண்டு கையாலும் தூக்கி வந்து மேசையில் வைத்து விரித்தாள். அடிமட்டத்தை ஒவ்வொரு பெயருக்குக் கீழாக வைத்து இறக்கிக்கொண்டே வந்தாள். ஓர் இடத்தில் நிறுத்தினாள். அப்பாவின் முழுப்பெயர், தாத்தாவின் பெயரோடு, நீல மையில். 2012 வரை கட்டங்களில் தொகையும் திகதியும் இருந்தன. பெரும்பாலும் தை மாதத் திகதிகள். அப்பா அந்த வருடக் கடைசியில் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. பதின்மூன்று வருடத்துக் கட்டங்கள் வெறுமையாகக் கிடந்தன.

தை மாதத் திகதிகளுக்குக் காரணமும் அவள்தான் சொன்னாள். ஆண்டு வரி முழுவதையும் ஜனவரி 31 க்குள் கட்டினால் நூற்றுக்குப் பத்துக் கழிவு. காலாண்டாகக் கட்டுவோருக்கு, அந்தக் காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் ஐந்து. அப்பா பென்ஷன்காரர். பொங்கல் கழிந்த அடுத்த கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு போவார் என்று நினைவு. எங்கே போகிறார் என்று நாங்கள் கேட்டதில்லை.

பாக்கியும், அதை அறவிடப் பிறப்பிக்கும் ஆணையின் செலவும் சேர்த்து அவள் கூட்டிச் சொன்ன தொகை பதினேழாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் கூட. டொரோண்டோவில் நாங்கள் நான்கு பேர் ஒரு நேரம் வெளியில் சாப்பிட்டால் முடிந்துபோகும் காசு. அங்கே சொத்து வரி ஒரு தவணை தவறினால் வட்டி ஏறும் என்று நாட்காட்டியில் சிவப்பு வட்டம் போட்டு வைக்கிறவன் நான். இங்கே என் தெருவிளக்கையும் என் வாசல் குப்பையையும் பதின்மூன்று வருடம் அயலவர்கள் கட்டிய வரியில் நடத்தியிருக்கிறேன். அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை.

எங்களது ஒரு பெயர்தானே என்று கேட்பீர்கள். அந்தப் பக்கத்தை நான் பார்த்தேன். எங்கள் பெயருக்கு மேலும் கீழும் எத்தனையோ வெற்றுக் கட்டங்கள். பெயர்கள் எல்லாம் தெரிந்தவை: படித்த பள்ளிக்கூடத்தில் கூட இருந்தவர்களின் தகப்பன்மார். சிறு நகரசபைக்குச் சொந்த வருமானம் என்று பெரிதாக எதுவும் இல்லை. ஊழியர் சம்பளத்தின் பெரும்பகுதி அரசிடமிருந்து மாகாணம் வழியாக வருகிறது. காணிக் கைமாற்ற முத்திரை வரியும் நீதிமன்றத் தண்டப் பணமும் மாகாணத்தின் கையால்தான் வந்து சேரும். சபை தானே திரட்டித் தானே செலவழிக்கக்கூடியவை சோலைவரி, சந்தைக் குத்தகை, கடை வாடகை, அனுமதிக் கட்டணம் போன்றவை. மின்குமிழும் வடிகால் மூடியும் பவுசர் டீசலும் வாங்க அந்தக் காசு வேண்டும்.

இதற்கிடையில் ஊருக்கு இரண்டு வருடத்துக்கு மேல் உறுப்பினர்களே இல்லாமலும் இருந்தது. 2018 பெப்ரவரியில் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அந்த மாதம் நடக்க வேண்டிய தேர்தல், காசில்லை என்று தள்ளிப் போடப்பட்டது. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றமே சொன்னது. 2025 மே 6 இல்தான் வாக்களித்தார்கள். நடுவில் செயலாளர்களும் ஆணையாளர்களும் சபைகளைக் கொண்டு நடத்தினார்கள். குப்பை வண்டி ஓடியது, நூலகம் திறந்தது. ஆனால் இன்ன ஒழுங்கைக்கு இன்ன வேலை முதலில் என்று சண்டை பிடிக்க ஒருவர் இருப்பது வேறு. வட்டார உறுப்பினர் எங்கள் வளவுக்கே வந்து, சரிந்த மதில் கல் வடிகாலை அடைத்திருப்பதைக் காட்டிவிட்டுப் போனார். அன்றே அள்ளினோம்.

பாக்கியைக் கட்டி, இந்த ஆண்டுக்கானதையும் கட்டினேன். பெயர் மாற்றத்துக்கு அப்பாவின் இறப்புச் சான்றிதழும் எங்கள் மூவரின் ஒப்பமும் வேண்டும். அக்காவும் தம்பியும் தூதரகம் போக வேண்டியிருக்கும். மதில் அனுமதி நான் புறப்படும் வரை வரவில்லை. அதற்கு இன்னும் காலம் எடுக்கும் என்று முன்னரே சொல்லியிருந்தார்கள். சின்னம்மா பார்த்துக்கொள்வார். கிழமைக்கு ஒரு முறை வளவைச் சுற்றிப் பார்த்துத் தண்ணீர் தேங்கிய எதையும் கவிழ்க்க ஓர் ஆளுக்கு மாதச் சம்பளம் ஒழுங்கு செய்திருக்கிறோம். மூவரும் பங்கு போட்டுக்கொள்கிறோம்.

பற்றுச்சீட்டைக் குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். முதல் ஒரு மணி நேரம் யாரும் பேசவில்லை. பிறகு லண்டனில் இருக்கும் மச்சாள், "எங்கள் வீட்டுக்கும் பார்க்கிறீர்களா?" என்று எழுதினார். அடுத்தது ஜெர்மனியிலிருந்து பெரியப்பாவின் மகன். இரவுக்குள் நான்கு பெயர்கள் சேர்ந்துவிட்டன. 31 ஆம் திகதி சனிக்கிழமை என்பதால் வெள்ளிக்கிழமை காலையிலேயே நான்கு பெயர்களையும் தாளில் எழுதிக்கொண்டு போனேன். எனக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். எல்லோரும் ஊரில் இருப்பவர்கள், பெரும்பாலும் வயதானவர்கள், கையில் போன வருடத்துப் பற்றுச்சீட்டு மடித்து வைத்திருந்தார்கள்.

என் முறை வந்ததும் அந்தப் பிள்ளை பேரேட்டைத் திருப்பினாள். மூன்று பெயர்களுக்கு அடிமட்டம் இறங்கி நின்றது, மூன்றுக்கும் கட்டினேன். நான்காவது மெல்போர்னில் இருக்கும் மாமாவின் வீடு. தொகையைக் கேட்டுச் சொன்னால் உடனே அனுப்புவதாக எழுதியிருந்தார். தொகையைப் பார்த்து, அங்கே நின்றபடியே அழைத்தேன். மணி அடித்துக்கொண்டிருந்தது. அவள் அடிமட்டத்தை எடுக்காமல் எனக்காகக் காத்திருந்தாள். பின்னால் வரிசை நீண்டிருந்தது. நான்காவது வீட்டுக்கும் என் கையிலிருந்தே கட்டிவிட்டு, பற்றுச்சீட்டில் மாமாவின் தகப்பனாருடைய பெயர் சரியாக இருக்கிறதா என்று இரண்டு முறை வாசித்தேன்.