லேலண்ட் பி76 டார்கா புளோரியோ: பல வருடம் ஓட்டிய பிறகு எழுதுவது

லேலண்ட் பி76 என்ற காரின் பெயரைச் சொன்னால் ஆஸ்திரேலியர்கள் பலருக்கு முதலில் சிரிப்பு வரும், பேச்சு அப்புறம்தான். 76-இல் பாதி 38 என்பதால் அந்தக் காலத்திலேயே அதற்கு 'பி38' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். பாதிக் கார் என்று அர்த்தம். மெல்பர்னில் நான் அதன் சிறப்புப் பதிப்பான 1974-ஆம் வருடத்து டார்கா புளோரியோ ஒன்றை பல வருடங்களாக வைத்திருக்கிறேன். வெயில், மழை, மலைப்பாதை, நெடுஞ்சாலை எல்லாவற்றிலும் ஓட்டியிருக்கிறேன். இந்தக் காரை யோசித்து வடிவமைத்தவர்கள் தங்கள் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார்கள், அவசரத்தில் பொருத்தி அனுப்பியதில்தான் பெயர் கெட்டது என்று உறுதியாகச் சொல்வேன். ஒரு தடவை பொறுமையாகப் பிரித்துச் சரியாகப் பொருத்திவிட்டால் இது அருமையான கார்.

கதை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. ஃபோர்டு ஃபால்கன், ஹோல்டன் கிங்ஸ்வுட், கிரைஸ்லர் வேலியன்ட் மூன்றும் ஆண்டுகொண்டிருந்த பெரிய குடும்பக் கார் சந்தையில் இடம்பிடிக்க, லேலண்ட் ஆஸ்திரேலியா 1973 ஜூன் மாதம் பி76-ஐ வெளியிட்டது. தொழிற்சாலை சிட்னியின் ஜெட்லாண்டில், பழைய விக்டோரியா பார்க் குதிரைப் பந்தய மைதானம் இருந்த இடத்தில். உருவம் கொடுத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் ஞாபகம் இருக்கிறவர்களுக்கு இந்தக் கை புதிதில்லை. ஹெரால்டையும் அவர்தான் வரைந்தார். 'வீல்ஸ்' பத்திரிகை 1973-இன் சிறந்த கார் விருதை பி76-க்குக் கொடுத்தது.

அதே வருடம் அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி வந்தது. உதிரி பாகத் தொழிற்சாலைகளில் வேலைநிறுத்தங்கள். பிரிட்டனில் தாய் நிறுவனத்திடம் பணம் இல்லை. 1974 முடிவதற்குள் ஜெட்லாண்டில் உற்பத்தி நின்றுவிட்டது. மொத்தம் வெளிவந்தவை சுமார் 18,000 கார்கள்தான். இதே குடும்பத்தில் ஃபோர்ஸ் 7வி என்று பின்கதவு மேலே திறக்கும் கூப்பே (பக்கத்துக்கு ஒரே கதவுள்ள கார்) ஒன்றும் தயாராகியிருந்தது. விற்பனைக்கு வருமுன்பே பெரும்பாலானவற்றை நொறுக்கிவிட்டார்கள், பத்துதான் தப்பின. அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

டார்கா புளோரியோ என்ற பெயருக்கு நிஜமான காரணம் இருக்கிறது. 1974-இல் லண்டனில் கிளம்பி சஹாரா போய் மியூனிக்கில் முடிந்த உலகக் கோப்பை ராலியில் இவான் கிரீனும் ஜான் பிரைசனும் ஒரு பி76-ஐ ஓட்டினார்கள். சிசிலித் தீவின் பழைய டார்கா புளோரியோ பந்தயப் பாதையில் நடந்த கட்டத்தில் மற்ற எல்லாக் கார்களையும் முந்தி ஜெயித்தது அந்த வண்டி. அதைக் கொண்டாட லேலண்ட் ஒரு சிறு எண்ணிக்கையில் சிறப்புப் பதிப்பு போட்டது: வி8 எஞ்சின் (V வடிவில் எட்டு சிலிண்டர்), அலாய் சக்கரங்கள், ஒரு பின்சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், ஸ்போர்ட்ஸ் ஸ்டீயரிங், பக்கவாட்டில் பட்டைக் கோடுகள். என்னுடையது ஒமேகா நேவி என்ற கருநீலம், போர்க் வார்னர் நிறுவனத்தின் மூன்று கியர் ஆட்டோமேட்டிக்.

இந்தக் காரின் உயிரே எஞ்சின்தான். ரோவர் 3.5 லிட்டர் அலுமினிய வி8-ஐ எடுத்து, பிளாக்கை உயரமாக்கி 4,416 சிசி-க்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். போரும் (சிலிண்டரின் விட்டம்) மூன்றரை அங்குலம், ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் நகரும் தூரம்) மூன்றரை அங்குலம். கீழ் வேகத்திலேயே இழுவை தாராளமாகக் கிடைக்கும். வண்டி நிறையச் சாமானோடு மலை ஏறும்போதுகூட ஆக்ஸிலரேட்டரைப் பாதிக்கு மேல் அழுத்தத் தேவைப்படுவதில்லை. அலுமினியம் என்பதால் மூக்குப் பகுதி கனமில்லை. அதோடு ரேக் அண்ட் பினியன் ஸ்டீயரிங், முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் சஸ்பென்ஷன், டிஸ்க் பிரேக். கிரேட் ஆல்பைன் ரோட்டின் வளைவுகளில் இவ்வளவு பெரிய கார் இவ்வளவு ஒழுங்காகத் திரும்புவதைப் பார்த்தால், ஐம்பது வருடத்துக்கு முந்தைய வண்டி என்றே தோன்றாது. ஹியூம் நெடுஞ்சாலையில் நூற்றுப்பத்தில் நாள் முழுக்க அலுக்காமல் போகும்.

சரி, இனி தொந்தரவுகள். முதல் எதிரி தண்ணீர், வெளியிலும் உள்ளேயும்.

வெளித் தண்ணீர் மழை. நான் வாங்கியபோது இடது பக்கக் கால்வைக்கும் இடத்தில் கம்பளம் எப்போதும் ஈரம். மகன் வெளியே நின்று ஹோஸால் கண்ணாடி மேல் தண்ணீர் விட, நான் டார்ச்சோடு டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பார்த்தேன். முன்கண்ணாடியின் கீழ் மூலையிலிருந்து ஒரு சொட்டு ஒயர் கட்டின் மேல் ஊர்ந்து வந்து, வளையும் இடத்தில் தொங்கி, கம்பளத்தில் விழுந்தது. இந்தக் காரில் கண்ணாடியை ரப்பர் பீடிங்கில் மாட்டாமல் பசையால் ஒட்டியிருப்பார்கள். அந்தக் காலத்துக்கு அது புதுமை. கண்ணாடியைக் கழற்றியபோதுதான் விஷயம் புரிந்தது: பசை ஓரிடத்தில் விரல் தடிமன், மூலையில் காகிதம் போல மெலிசு. அதற்கடியில் தகடு செதில் செதிலாகத் துரு. துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்து, புதுப் பசையில் ஒட்டிய பிறகு இன்றுவரை ஒரு சொட்டு இல்லை. டிக்கியிலும் இதே கதை. வெல்ட் வைத்த மடிப்பு ஒன்றில் சீலரே பூசாமல் பெயின்ட் அடித்து அனுப்பியிருந்தார்கள். மேஜையில் போட்ட திட்டத்தில் பிழை இல்லை, லைனில் நின்றவருக்கு நேரம் கொடுக்கவில்லை என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

உள்தண்ணீர் என்பது கூலன்ட், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம். அலுமினிய எஞ்சினில் துருத் தடுப்பான் இல்லாத வெறும் தண்ணீரை ஊற்றி ஓட்டினால் அது உள்ளிருந்தே அரித்துவிடும். பழைய உரிமையாளர்கள் பலர் அதைத்தான் செய்திருக்கிறார்கள். என் காரின் ரேடியேட்டரைத் திறந்துவிட்டபோது வந்தது காபி நிறத்தில் ஒரு குழம்பு. தெர்மோஸ்டாட் மூடியின் உட்பக்கம் பொடிப்பொடியாகக் குழி விழுந்திருந்தது. ஹெட் கேஸ்கெட் மாற்றி, தண்ணீர் ஓடும் வழிகளை எல்லாம் கழுவி, ரேடியேட்டர் கோரை மூன்று வரிசையாக்கி, நல்ல கூலன்டைச் சுத்திகரித்த நீரோடு கலந்து ஊற்றினேன். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை தவறாமல் மாற்றுகிறேன். நாற்பது டிகிரி வெயிலில் மெல்பர்ன் ஹாடில் ஸ்ட்ரீட் நெரிசலில் நின்றாலும் இப்போது எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் நடுவை விட்டு நகர்வதில்லை. பழைய பி76 வாங்குகிற யாரும் முதல் பணத்தைப் பெயின்டில் போடாதீர்கள், இதில் போடுங்கள்.

பெட்ரோல் விஷயம் சுருக்கமாக. 98 ஆக்டேன் போடுகிறேன். எத்தனால் கலந்ததைத் தொடுவதில்லை. பழைய ரப்பர் குழாய்களையும் கார்பரேட்டர் கேஸ்கெட்டையும் அது கெடுக்கும். ஊருக்குள் நூறு கிலோமீட்டருக்குப் பதினைந்து லிட்டரை ஒட்டி, நெடுஞ்சாலையில் பன்னிரண்டு. வி8-க்கு இது நியாயமான கணக்கு.

உதிரி பாகங்களைப் பற்றி இரண்டு விதமான வதந்தி உண்டு. எதுவும் கிடைக்காது என்பது ஒன்று, ரோவர் பாகம் எல்லாம் பொருந்தும் என்பது இன்னொன்று. இரண்டும் தப்பு. கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில் எல்லாம் போர்க் வார்னர் என்பதால் தெரிந்த மெக்கானிக்கிடம் வேலை சுலபமாக நடக்கும். ஆனால் எஞ்சின் பிளாக் ரோவருடையதைவிட உயரம் என்பதால் இரண்டு சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே இடைவெளி அதிகம். கார்பரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குக் காற்றையும் பெட்ரோலையும் கொண்டுபோகும் ரோவரின் இன்லெட் மேனிஃபோல்டு அங்கே உட்காரவே உட்காராது. ஒரு பட்டறையில் 'இதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எஞ்சின் மாட்டிக்கொள்ளுங்கள்' என்றார்கள். நல்லவேளை கேட்கவில்லை. லேலண்ட் டெரியர் லாரியிலும் இந்த வி8 வந்தது, அதனால் உள் பாகங்களுக்கு அந்த வழியும் இருக்கிறது. உண்மையில் கஷ்டம் உட்புற பிளாஸ்டிக், விளக்குக் கண்ணாடிகள், கதவு ரப்பர், அலங்காரப் பட்டைகள்தான். அவற்றுக்கு உரிமையாளர் கிளப்பை விட்டால் வேறு கதி இல்லை. அங்கே இருக்கிற பெரியவர்கள் தங்கள் கொட்டகையில் சேர்த்து வைத்திருப்பதை மனசார எடுத்துக் கொடுக்கிறவர்கள். என் பின் விளக்கு ஒன்றுக்கு ஒருவர் காசே வாங்கவில்லை.

மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் பழைய கார்களுக்கான கிளப் பெர்மிட் திட்டம் இருப்பது பெரிய வசதி. வருடத்துக்கு 45 அல்லது 90 நாள் என்று எடுத்து, ஓட்டும் நாளில் பதிவுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு கிளம்பலாம். முழுப் பதிவுக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு.

டிக்கியைச் சொல்லாமல் விட்டால் பி76 பற்றி எழுதியதாகவே ஆகாது. 44 கேலன் பீப்பாய் ஒன்றை உள்ளே வைக்கலாம் என்று விளம்பரம் செய்தார்கள். பீப்பாய் வைத்துப் பார்க்கவில்லை. ஆனால் குடும்பத்தோடு முகாமுக்குப் போகும்போது கூடாரம், மடக்கு நாற்காலி, அடுப்பு, குளிர்பெட்டி, எல்லாருடைய படுக்கையும் உள்ளே போட்டு மூடியைச் சத்தமில்லாமல் சாத்த முடிகிறது. பின் சீட்டில் மூன்று பெரியவர்கள் தோள் இடிக்காமல் உட்காரலாம். கதவுகளுக்குள் பக்கவாட்டு மோதலுக்கான வலுவூட்டலும் உண்டு. 1973-இல் குடும்பக் காருக்கு இதை யோசித்தவர்களை மதிக்கத்தான் வேண்டும்.

வாங்க நினைப்பவர்களுக்கு: டார்கா என்று சொல்லி விற்பவை எல்லாம் டார்கா இல்லை. கோடு ஒட்டுவது சுலபம், சக்கரம் மாற்றுவதும் சுலபம். காரின் அடையாளக் குறிகள் பொறித்த பாடி பிளேட்டின் குறியீடுகளைப் புகைப்படம் எடுத்து முதலில் கிளப்பில் காட்டுங்கள். முன்கண்ணாடிக்குக் கீழே, பின் சக்கரங்களுக்குப் பின்னால், டிக்கி தரை விளிம்பு, இந்த மூன்று இடத்திலும் கம்பளத்தைத் தூக்கித் துருப் பாருங்கள். கூலன்ட் பழுப்பாக இருந்தால் ஹெட் வேலைக்கான தொகையை விலையில் கழித்துப் பேசுங்கள். அசல் டார்காதான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லையென்றால், பி76-இன் 'சூப்பர்' ரகத்தில் துருப்பிடிக்காத வி8 ஒன்று கிடைத்தால் அதையே எடுங்கள். ஓட்டும் சுகத்தில் இரண்டுக்கும் நான் பெரிய வித்தியாசம் பார்க்கவில்லை. ஆறு சிலிண்டர் எஞ்சினோடு வந்த பி76-ஐ மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த 2.6 லிட்டர் எஞ்சினில் கெடுதல் ஒன்றும் இல்லை, ஆனால் பி76 எதற்காகப் பிறந்ததோ அது வி8-இல்தான் கிடைக்கும்.