கெக்கோ தொட்டிக்குக் கொளத்தூர்: எதை வாங்கலாம், எதை விடலாம்

சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் அளவு சொல்லிச் செய்யும் 3 அடி நீள, ஒன்றரை அடி அகலக் கண்ணாடித் தொட்டி, ஒரு லெப்பர்ட் கெக்கோவுக்கு (வீட்டில் வளர்க்கும் புள்ளிப் பல்லி வகை) தாராளம். கண்ணாடி மூடி மட்டும் வேண்டாம், வலை மூடி கேளுங்க. வடசென்னையின் கடற்காற்று ஈரம் உள்ளே தேங்கினால் தோல் நோய் வரும்.

ஹீட் மேட்டை (தொட்டியைச் சூடாக்கும் மின்விரிப்பு) தெர்மோஸ்டாட் (சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி) இல்லாமல் போடவே கூடாது, வயிறு வெந்துவிடும். தொட்டியடியில் மூன்றில் ஒரு பங்குக்கு ஒட்டி, அந்தப் பக்கத் தரையை 32 டிகிரியில் நிறுத்துங்க. மறுபக்கம் 26 டிகிரி நல்லது. மே மாத வெயிலில் அந்தக் குளிர்ச்சியைக் காப்பதுதான் பெரும்பாடு.

வண்ண மணல் தந்தால் வாங்காதீங்க. இரையோடு விழுங்கினால் குடல் அடைக்கும், தரையில் விரிக்க டிஷ்யூ பேப்பரே போதும். கெக்கோ உள்ளே நுழைய ஓட்டை வைத்து, ஈரப்பாசி போட்ட மூடிய டப்பா ஒன்று அவசியம். அது இல்லாவிட்டால் உரியாத தோல் விரலை இறுக்கி, விரலே உதிர்ந்துவிடும். இரையில் தூவக் கால்சியம் பொடியைத் தனியாக வாங்குங்க.